லைன் கோளாறு

“இன்னிக்குக் கண்டிப்பா கேக்கும்க்கா” என்று சொல்லி, நம்பரைப் போட்டு, என் மொபைலை மெஹர் பானு அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா எங்களுக்கு எதிர் வீடு. கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோடு பக்கம், ஒரே மாடியில் கதவைப் பார்த்த கதவு. அவருடைய மகன் சுஃபியான் தோஹாவில் இருக்கிறான்.

என் மொபைலில் நெட் வழியாக வெளிநாட்டுக்குப் பேசும் சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றியிருந்தேன். ஐ.எஸ்.டி. பூத்தில் அவசர அவசரமாக நலம் விசாரிக்கிற காசில், இதில் சாவகாசமாகச் சண்டையே போடலாம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கண்டுபிடித்தவன் மாதிரிதான் பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெளிநாட்டில் யாருமே இல்லாதவர்களைக்கூட மாடிப்படியில் நிறுத்திச் சொன்னேன்.

நம்பி வந்தவர் அக்கா ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை எனக்கு வார விடுமுறை. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பிரேக் பாகங்களைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. தோஹாவில் ஜும்மா தொழுகை முடிகிற நேரம் பார்த்து அக்கா வருவார். சிக்னல் எங்கள் பால்கனியில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் வாஷிங் மெஷினை ஒட்டி நின்றால்தான். அக்கா போய் அங்கே நிற்பார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மொபைலை நீட்டுவார்.

“அவன் பேசுறது எனக்கு நல்லா கேக்குது தம்பி. நான் பேசுறதுதான் அவனுக்குக் கேக்கல.”

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே கதை.

“உங்கள மாதிரியே உங்க போனும் ஒன் வே ஆயிடுச்சா?” என்று என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்தது படிக்கட்டு வரை கேட்டிருக்கும்.

நான் விடவில்லை. சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மொபைல் கடைக்காரர் பிரித்துப் பார்த்து, “மைக் நல்லாத்தான் கீது சார்” என்றார். பிரேக்கில் குறை கண்டுபிடிப்பவன் இதை நம்புவானா? புது மைக் போடச் சொன்னேன். இந்த வெள்ளிக்கிழமை காலையில் மஸ்கட்டில் இருக்கும் சித்தி மகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசிப் பார்த்தேன். நான் தும்மியதுகூட அவனுக்குக் கேட்டது.

அந்தத் தைரியத்தில்தான் ‘கண்டிப்பா’ என்றேன்.

அக்கா பால்கனிக்குப் போனார். நான் நாகரிகமாக ஹாலிலேயே உட்கார்ந்துகொண்டேன். திடீரென்று சுஃபியானின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. காலையில் போட்ட ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தேன்.

“ஹலோ... யாரு? ஹலோ...”

அக்காவின் குரல் எனக்கும் கேட்கவில்லை.

புது மைக்கும் போய்விட்டதா? எழுந்து ஓடினேன்.

அக்கா மொபைலை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். உதடு அசையவில்லை. கட்டைவிரல் மைக் ஓட்டையை அழுத்தி மூடியிருந்தது.

‘இதுக்கு நேரா பேசுங்கக்கா’ என்று முதல் நாளே அந்த ஓட்டையைக் காட்டிக்கொடுத்தவனும் நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நாவலூர் ஆபீசில் கூட வேலை பார்த்த ரோஸியை சுஃபியான் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். அன்று அக்கா மாடி முழுக்கக் கேட்கும்படி, “செத்தாலும் உன்கூடப் பேச மாட்டேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் மைக்கைத்தான் மாற்றியிருக்கிறேன்.

சுஃபியான் போனை வைக்கவில்லை.

“அம்மா... நீதானே?”

அக்காவின் விரல் இன்னும் இறுகியது.

“ஜும்மா முடிஞ்சதும் கூப்பிட்டுட்டு, வேற யாரும்மா இப்படி சும்மா இருப்பாங்க? நீ பேச வேணாம். வெச்சிடாத, அது போதும்.” அவன் மூச்சு விடுவது கேட்டது. “ரோஸிக்கு ஏழாம் மாசம்மா. படுத்தா தூக்கமே வரலன்னு அழுவுறா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல.”

அக்கா தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தது. அது ஒருவழியாகத் திரும்பிப் போகும் வரை பார்த்தார்.

பிறகு கட்டைவிரலை எடுத்தார்.

“இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லு.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தேம்பல் வந்தது.

“அழுவாதடா. முதுகுக்கு ஒரு தலகாணி வெச்சு விடு. அவகிட்ட போனைக் குடு.”

நான் சத்தம் போடாமல் பின்வாங்கிச் சமையலறைக்குப் போனேன்.

“என்னாச்சு, கேக்குதாமா?” என்றாள் மனைவி.

“கேக்குது.”

பேட்டரி தீரும் வரை பேசிவிட்டு அக்கா வந்தார். மொபைலைப் புடவைத் தலைப்பால் நன்றாகத் துடைத்து என்னிடம் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னிக்கு அவனுக்கும் கேட்டுச்சு தம்பி. என்னமோ நல்லா ரிப்பேர் பண்ணியிருக்கீங்க. உங்க கை ராசி.”

சாயங்காலத்துக்குள் செய்தி பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. மேல் மாடி எலியேசர் சார் தன் மொபைலோடு இறங்கி வந்தார். அவருடைய மகள் மெல்போர்னில் இருக்கிறாள். இத்தனை நாளும் என்னைக் கண்டால் வேகமாகப் படியேறிப் போனவர், அன்றைக்கு வாசலிலேயே நின்று கை குலுக்கினார்.

“பிரமாதம் வைத்தி! என்னதான் ப்ராப்ளம்? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது.

“செட்டிங்ல ஒரு சின்ன மிஸ்டேக் சார்” என்றேன்.