புதரும் பூனையும்

"புதரைச் சுத்திச் சுத்தி அடிக்காதேன்னு துரை சொல்றார்!" என்று அதட்டினார் அர்த்தனாரி.

வளப்பூர் நாட்டு ஊர்க்கவுண்டர் காளியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ சாமி, நாங்க ஒரு புதரையும் தொடலீங்களே! எங்க சாமைக் காட்டுல எல்லைக்கல்லு நட்டு சர்க்கார் ரிசர்வுக் காட்டுல சேத்துப்போட்டாங்க. அதைத் திருப்பிக் குடுங்கன்னுதானுங்க கேக்கறோம்."

'சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வா' என்பதைத்தான் துரை இங்கிலீஷில் அப்படிச் சொன்னார். அது அர்த்தனாரிக்கு எங்கே தெரியும்? மெட்ரிகுலேஷனை மூன்றாம் தடவை முட்டி மோதித் தாண்டிய மேதை அவர்.

சேலத்திலிருந்து துரையின் பேச்சை மொழிபெயர்க்க வந்த தற்காலிகத் துபாஷி. புதுத் துரைக்குத் தமிழில் ஒரு சொல்லும் வராது என்று கலெக்டர் கச்சேரியில் பேச்சு. அந்தத் தைரியத்தில்தான் மலையேறினார். இன்று துரை திருப்திப்பட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமாகிவிட்டது என்றே மாமனாருக்குக் கடுதாசியும் போட்டாயிற்று.

'சாமைக் காடு' என்பதற்கு அவருக்கு இங்கிலீஷ் வரவில்லை. அதற்காகத் துபாஷி வாயை மூடிக்கொள்ள முடியுமா? "புதர்களை வெட்டியது தாங்கள்தான் என்று ஒப்புக்கொள்கிறான், ஐயா" என்று இங்கிலீஷில் ஒரு போடு போட்டார்.

துரை அவரையே உற்றுப் பார்த்து, 'என் காலை இழுக்கிறாயா?' என்றார். 'என்னிடமே விளையாடுகிறாயா?' என்று அர்த்தம்.

"ஏய், துரை காலை ஏன் இழுக்கறே? தள்ளி நில்லு!"

"தொடவே இல்லீங்க சாமி!" காளியண்ணன் பத்தடி பின்னால் போய்க் கைகட்டி நின்றார்.

அவர் மனைவி சென்னம்மாள் அறுத்த பலாப்பழத்தையும் ஒரு கிண்ணம் எண்ணெயையும் கொண்டுவந்து வைத்தாள். அர்த்தனாரி வெறுங்கையோடு பாய்ந்தார். பால் பத்து விரலிலும் ஒட்டி, கோட்டிலும் ஒட்டியது. துரையோ கேட்காமலே எண்ணெயில் விரலைத் தோய்த்து, சுளையைப் பதமாக உரித்தார். விரலுக்கு எண்ணெய் பூசுகிறாரே, வெள்ளைத் தோலுக்கு மலைக்காற்று ஆகவில்லை போலும் என்று அர்த்தனாரி பரிதாபப்பட்டார்.

சுளையைத் தின்றுவிட்டு, 'பூனையைப் பையிலிருந்து வெளியே விடு' என்றார் துரை. ஒளித்து வைத்த உண்மையைச் சொல் என்பது அவர் கேட்டது.

"பையில பூனையா வெச்சிருக்கே? எடு வெளியே!"

காளியண்ணன் பதறிப்போய்த் தோளில் தொங்கிய பையைக் கவிழ்த்தார். "மொளகுதானுங்க இருக்குது!"

சென்னம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, பூனை கெடக்கட்டும். காடு போனா எங்க புள்ளைங்க எதைத் திங்கும்னு தொரையைக் கேளுங்க!" என்று அழுதாள்.

"திருட்டு வெளியே வந்துவிட்டதே என்று அழுகிறாள், ஐயா."

துரை பேனாவை எடுத்து எழுதினார், கையெழுத்தும் போட்டார். அர்த்தனாரி மனசுக்குள் மாமனார் வீட்டு விருந்துக்கே உட்கார்ந்துவிட்டார். பிசுபிசுத்த கையைப் பவ்யமாக நீட்டினார்.

துரை அவரைத் தாண்டிப் போய், காகிதத்தைக் காளியண்ணன் கையில் வைத்தார்.

"உங்க காடு உங்களுக்கேதானுங்க கவுண்டரே, கல்லைப் புடுங்கிப்போடுங்க. நான் பொறந்து வளந்தது ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துலீங்க." பிறகு துபாஷி பக்கம் திரும்பினார்.

"நீங்க ஊட்டுக்குக் கெளம்புங்க அர்த்தனாரி, இதை இங்கிலீஷ்ல சொல்லோணுங்களா?"