கொண்டலாத்தி வந்த வியாழக்கிழமை

டெஸ்மண்ட் திரைச்சீலையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தான். சந்து முழுக்க ஆட்கள், நாற்பது பேருக்குக் குறையாது. கேமராவும் தொலைநோக்கியுமாக அத்தனை பேரும் இந்த வாசலையே குறிவைத்து நின்றார்கள்.

பெட்டி கட்டித் தயாராக இருந்தது. வியாழக்கிழமைகளில் வீட்டுக்காரி நாலு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். அதற்குள், அவள் கண்ணில் படாமல் போய்விட வேண்டும். இப்போது மணி இரண்டு.

பின்கதவைத் திறந்தான். இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் கடல் ஏறும் நேரம். கொல்லைப்புறம் இடுப்பளவு சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. முன்வாசலை விட்டால் வேறு வழியில்லை.

யாரோ ஜன்னலை மெல்லத் தட்டினார்கள். பச்சைத் தொப்பி போட்ட அறுபது வயதுப் பெண்மணி ஒருத்தி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவன் ஜன்னல் கொக்கியோடு மல்லுக்கட்டினான்.

“மேல தூக்கிட்டுத் தள்ளுங்க தம்பி,” என்றாள். திறந்துகொண்டது.

“என்னம்மா இது கூட்டம்? என் உயிரை வாங்கவா?”

“மெதுவாப் பேசுங்க. உங்களுக்காக யாரும் வரல. புல்தரையைப் பாருங்க, கொண்டலாத்தி.”

வாசற்படிக்குப் பத்தடியில், விசிறிக் கொண்டையோடு ஒரு பறவை மண்ணைக் கொத்திப் புழு தின்றுகொண்டிருந்தது.

“இந்த நாட்டுல காணவே கிடைக்காத பறவை. வழி தப்பிக் கடல் தாண்டி வந்திருக்கு, பாவம். வயிறு நிறைஞ்சாத்தான் திரும்பிப் பறக்கத் தெம்பு வரும். அதுவரைக்கும் கதவைத் திறந்துடாதீங்க.”

“எனக்கு அவசரம்மா. போயே ஆகணும்.”

“தாராளமாப் போங்க. நாப்பது கேமராவும் உங்களைப் பிடிக்கும். பறவையை விரட்டின மகராசன்னு நாளைக்குப் பேப்பர்ல உங்க மூஞ்சிதான்.”

பெட்டியும் கையுமாக யார் படத்திலும் அவன் விழக் கூடாது.

“எவ்வளவு நேரமாகும்?”

“அந்தப் பறவையைத்தான் கேக்கணும். இந்தாங்க, டீ குடிங்க.” பிளாஸ்க் மூடியில் ஊற்றி உள்ளே நீட்டினாள்.

மணி மூன்றானது, மூன்றரையானது. பாழாய்ப்போன பறவை தின்றது, வெயில் காய்ந்தது, இறகைக் கோதியது, மறுபடியும் தின்றது. ஒரு பிடி இறகுக்குப் பயந்து இப்படி அடைபட்டுக் கிடக்கிறோமே என்று அவனுக்கு அழுகையே வந்தது.

“கையைத் தட்டி விரட்டிவிடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்று கெஞ்சினான்.

“அது மட்டும் நடக்காது. வீடே தீப்பிடிச்சாலும் அதை விரட்ட மாட்டேன்.”

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கொண்டலாத்தி கொண்டையை ஒருமுறை விரித்து மடக்கி, வேலிக்கு மேலே எழும்பி, தெற்குப் பார்த்துப் போயே போய்விட்டது. கூட்டம் கைதட்டியது. டெஸ்மண்ட் பெருமூச்சு விட்டுப் பெட்டியைத் தூக்கினான்.

பச்சைத் தொப்பிக்காரி வேலியோரம் மழைக்கோட்டில் நின்ற உயரமான மனிதரைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

“இவ்வளவு நேரம் பொறுத்ததுக்கு நன்றி, கான்ஸ்டபிள். இனி என் வீட்டுக்குள்ள போய் அந்தத் திருடனைப் பிடிங்க.”