எண் போடாத கீறல்

"சம்பூர்ணம், நீ நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

சூப்பர்வைசர் கத்தினார். அவர் கத்தினால் முட்டுக்காட்டில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு கால் மாற்றிக்கொள்ளும் என்பார்கள். மிகை. மாமல்லபுரம் வரைதான் கேட்கும்.

கடலோரத்துப் பழைய கோட்டையில் தை பிறந்ததும் தொடங்குகிற வேலை அது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஆணியால் சுவரில் கீறிவிட்டுப் போன பெயர்களைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். ஐப்பசி மழை அதைக் கரைத்துவிடும். அடுத்த தையில் மறுபடி அடைக்க வேண்டும்.

நாலு மாத வேலை. சம்பூர்ணத்துக்கு அதுதான் சோறு. மீதி எட்டு மாதம் நடவு கிடைத்தால் நடவு, கிடைக்காவிட்டால் விரதம்.

வேலையில் ஒரே ஒரு விதி. கீறலுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எண் போட்டு, போட்டோ எடுத்த பிறகுதான் பூச வேண்டும். சம்பூர்ணம் அறுபத்திரண்டு கீறலுக்கு அப்படித்தான் செய்தாள். தானியக் கிடங்கின் பின்சுவரில் ஒன்றை மட்டும், எண்ணும் இல்லாமல் போட்டோவும் இல்லாமல், எல்லோருக்கும் முந்தி வந்து பூசி வழவழவென்று தேய்த்தும் விட்டாள்.

"மூணாவது வருசம் மேடம்! நான் இங்க வந்ததுலேர்ந்து இதே எடத்த இந்தம்மா எனக்கு முந்தி வந்து மூடிடுது. கேட்டா பதில் கெடையாது."

மேடம் என்பது புதிய அதிகாரி ஜெனிஃபர். அன்று காலைதான் மாற்றலாகி வந்து இறங்கியிருந்தார். அங்கே ஒருவர் பெயரும் தெரியாது. முதலில் தெரிந்துகொண்டது சம்பூர்ணத்தின் பெயரைத்தான். சூப்பர்வைசர் உபயம்.

"ஏம்மா, இதுக்கு அடியில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க மேடம். யாரோ ஒரு பையன் கிறுக்கினு போயிருக்கான்."

"அதை ஏன் மறைக்கிறீங்க?"

சம்பூர்ணம் கையிலிருந்த பூச்சுக் கரணையால் அதே இடத்தை இன்னொரு தடவை தேய்த்தாள்.

கொத்தனார் குமார் சாந்துச் சட்டியோடு எட்டிப் பார்த்தான். "இன்னா அண்ணி, உள்ள புதையல் கீதா? இருந்தா கொழுந்தனுக்குப் பாதி."

"நீ சும்மா கெட."

"சும்மா எதுக்கு இருக்கணும்?" என்றார் சூப்பர்வைசர். "குமாரு, சுரண்டுடா! எந்தக் கொரங்கு கீறிச்சுன்னு பாத்துடலாம். நானூறு வருசத்துச் செவுரு மேடம். இதுல ஆணி வெச்சவன் கைய ஒடிக்கணும். அவன் பேர அவன் தெருவுல தண்டோரா போடணும்."

"வேணாம் சார்," என்றாள் சம்பூர்ணம். "வுட்டுடுங்க. நான் வேணா வேலைய வுட்டு நின்னுக்கறேன்."

"பாத்தீங்களா மேடம், திருட்டு முழி!"

குமார் சுரண்டினான். ஈரச் சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. ஜெனிஃபர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

"கோ... பா... ல..."

"போதும்டா குமாரு. வெயில் ஏறிடுச்சு," என்றார் சூப்பர்வைசர். கொக்கை விடுங்கள், பக்கத்தில் நின்ற குமாருக்கே கேட்கவில்லை.

"முழுசா சுரண்டுங்க," என்றார் ஜெனிஃபர்.

வந்துவிட்டது. *கோபாலகிருஷ்ணன், எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு, 1986.* அரை விரல் ஆழம். பல்லவர்கள்கூட இவ்வளவு அக்கறையாக வெட்டியிருக்க மாட்டார்கள்.

"யாரும்மா இது?"

"எங்க வூட்டுக்காரரு மேடம்."

குமார் வாயைத் திறந்தான். சம்பூர்ணத்தின் வீட்டுக்காரர் பன்னீர்செல்வம், அவனுடைய கூடப் பிறந்த அண்ணன். அண்ணியின் குதிகால் அவன் கட்டைவிரல் மேல் இறங்கியது. வாயை மூடிக்கொண்டான்.

"உங்க வீட்டுக்காரர் பேர் கோபாலகிருஷ்ணனா?"

"புருசன் பேர நான் எப்படி மேடம் வாயால சொல்றது? அதான் செவுத்துல கீதே, நீங்களே படிச்சிக்குங்க."

ஜெனிஃபரின் முகம் இறுகிவிட்டது.

"பாதுகாக்கப்பட்ட இடத்துல கீறினவரு குடும்பத்தையே சம்பளம் கொடுத்து வெச்சிருக்கோம், அதுவும் தடயத்தை மறைச்சவங்களை. இந்த வருஷம் மட்டும் இல்லை, இனிமே எந்த வருஷமும் உங்களுக்கு இங்க வேலை இல்லை."

"சரிங்க மேடம்."

சம்பூர்ணம் தொட்டியருகே போய்க் கரணையைக் கழுவினாள்.

ஜெனிஃபர் ஒரு படிவத்தை நீட்டினார். "சூப்பர்வைசர், எழுதுங்க. கீறியவர், சம்பூர்ணத்தின் கணவர். நடவடிக்கை, பணிநீக்கம். கீழே உங்க கையெழுத்து."

அவர் எழுதினார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"மேடம், கையெழுத்து... சும்மா ஒரு கிறுக்கு கிறுக்கினா போதுமா?"

"முழுப் பேரும் எழுதணும்."

சம்பூர்ணம் திரும்பிப் பார்க்கவில்லை. கரணையை மூன்றாம் தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். சாந்து முதல் தடவையிலேயே போய்விட்டது.

சூப்பர்வைசர் கடலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கழுவுகிறவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதியிருந்ததை எல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு, புதிதாக எழுதி நீட்டினார்.

ஜெனிஃபர் படித்தார்.

"கீறியவர்: கீழே கையொப்பமிட்டுள்ளவர்.

நடவடிக்கை: சம்பூர்ணம் அவர்கள் வேலையில் தொடரலாம். மேற்படி நபர் மீது தங்கள் உத்தரவுப்படி.

இப்படிக்கு,
கோபாலகிருஷ்ணன், சூப்பர்வைசர்."