அட்டைப்படக் குழந்தை

"பன்னிரண்டு பாட்டிலிலும் ஒரே கிணத்துத் தண்ணி சார்!"

ஆய்வகக்காரர் தாளை மேசையில் வைத்தார். ஒரே ஊரில் பன்னிரண்டு கிணறு. பன்னிரண்டுக்கும் நேரே நைட்ரேட் தொண்ணூற்றாறு என்றே இருந்தது.

"போன வாரமே கவனிச்சிருக்கணும். அந்த ஊருக்குத் தண்ணி லாரி அனுப்புற அவசரத்துல விட்டுட்டேன்."

திட்ட அதிகாரி தாளை வெடுக்கென்று எடுத்தார். வயலில் கொட்டுகிற யூரியா நைட்ரேட்டாகி மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரை நஞ்சாக்குவதை முப்பது வருஷத்தில் பாதியாகக் குறைக்கும் திட்டம் அவருடையது. நூற்றெண்பது பக்கம். அடுத்த திங்கட்கிழமை மந்திரி வெளியிடுகிறார். இந்த நேரம் பார்த்து இப்படி ஒரு பூதம்!

பன்னிரண்டு கிணற்றுக்கும் சேர்த்து ஒரே சராசரி. அது ஐம்பதைத் தாண்டினால் ஊருக்குத் தண்ணீர் லாரி. இதுதான் விதி. விதியை எழுதியவரும் அவர்தான். "மந்திரிக்கு ஒரு நம்பர் போதும்யா, பன்னிரண்டு சொன்னா கொட்டாவி விடுவார்" என்பார்.

நாலு வருஷமாக அந்த ஊரின் சராசரி இருபத்து நாலு.

கிணறுகளிலிருந்து சோதனைக்குத் தண்ணீர் எடுத்து வருகிற பெண்ணை வரச் சொன்னார். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பாட்டிலக்கா.

"ஏம்மா, பன்னிரண்டு கிணறு சுத்திட்டு வரச் சொன்னா, ஒரே கிணத்துல மொண்டு வந்திருக்கியே?"

"ஆமாங்க சார்."

"ஆமாவா! சொல்ல வாய் கூசலை?"

"வெயில்ல நடக்க முடியலைங்க."

"சம்பளம் வாங்கற அன்னிக்கு மட்டும் கால் நல்லா நடக்குதே?"

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"புதுசா எடுத்து ரிசல்ட் வர எத்தனை நாளாகும் சார்? அதுவரைக்கும் இதுதான பேப்பர்ல நிக்கும்?"

"ஒரு வாரம் ஆகும். அது உனக்கெதுக்கு? உனக்கு இன்னையோட வேலை முடிஞ்சுது."

"ஒரு வாரமா? சரிங்க."

ஏதோ கேட்டது கிடைத்தவள் போலத் தலையை ஆட்டி, அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

"கல்லுளிமங்கி!" என்றார் ஆய்வகக்காரர்.

இனி யாரையும் நம்புவதாக இல்லை. மறுநாளே அதிகாரி பாட்டில் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கிளம்பினார். சட்டை முதுகோடு ஒட்டியது. ஆனாலும் உண்மைக்காக நடக்கிறோம் என்ற நினைப்பு உள்ளுக்குள் இனித்தது.

ஒன்பதாவது கிணற்றடியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவரைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. திட்டப் புத்தகத்தின் அட்டைக்கு ஒரு குழந்தைப் படம் வேண்டும் என்று அச்சகக்காரர் நாலு நாளாக அரித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. 'நாளைய குழந்தைகளுக்காக' என்பதுதான் திட்டத்தின் தலைப்பு.

"ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா? கவர்மென்ட் புத்தகத்துல வரும்."

"எடுத்துக்குங்க. ரெண்டு நாளாத்தான் சிரிக்கிறான்."

எடுத்தார். பிறகு வாளியை இறக்கினார்.

"ஐயா, அதைக் குடிச்சிடாதீங்க! இதுலதான் பால் பவுடரைக் கலக்கிக் கொடுத்தேன். கொதிக்க வெச்சுத்தான் கொடுத்தேன். கொதிக்கக் கொதிக்க இந்த விஷம் இன்னும் கெட்டிப்படுமாமே, எனக்கென்ன தெரியும்? உதடெல்லாம் நீலமாகி, மூச்சு வாங்கி... லாரித் தண்ணி வந்து எட்டு நாள் ஆகுது. பாருங்க, நீலம் பாதி குறைஞ்சிருக்கு."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"பாட்டிலக்கா எழுதாத எழுத்தா? நாலு வருஷத்துக்கு முன்னாடி பக்கத்து வீட்டுப் பிள்ளை போச்சே, அப்போலேர்ந்து எழுதுறாங்க. மத்த பதினொரு கிணறும் நல்ல தண்ணியாம். எல்லாத்தையும் கூட்டி வகுத்தா எங்க கிணறு அதுல கரைஞ்சுபோகுதாம். 'இந்தத் தடவை கரைய விடமாட்டேன்'னு சொல்லிட்டுப் போனாங்க." அவள் அவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். "ஏன் ஐயா, இன்னைக்கு அவங்க வரலை?"

"வேற வேலையா இருக்காங்க" என்றார். ஒரு பாட்டிலில் மட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பத்தாவது கிணற்றுக்கு நடந்தார்.

மூன்றே நாளில் முடிவு வந்துவிட்டது. அவசரப்படுத்தியது அவர்தான்.

"சராசரி இருபத்து நாலு. ஒன்பதாவது கிணறு தொண்ணூற்றாறுதான், ஆனா கூட்டி வகுத்தா பழையபடி கச்சிதமா வந்திடுச்சு சார். லாரியை நிறுத்திடலாமா?"

அவர் பழைய பதிவேட்டைப் புரட்டினார். மாதாமாதம் ஒன்பதுக்கு நேரே கோணல் எழுத்தில் 'இங்கே பச்சைப்பிள்ளைகள் இருக்கு' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சராசரி. சராசரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து.

சராசரியைத் தூக்கினால் நூற்றெண்பது பக்கத்தையும் திரும்ப எழுதவேண்டும். மந்திரியிடம் போய், நாலு வருஷமாகத் தப்பு செய்திருக்கிறேன் என்று நிற்கவேண்டும். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றது மனசு. அதற்குச் சமாதானம் சொல்லவா தெரியாது?

"நிறுத்திடுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

மை காய்வதற்குள் தொலைபேசி அடித்தது. அச்சகக்காரர்.

"சார், அட்டை பிரமாதம்! அந்தச் சிரிப்பு ஒண்ணே போதும், மந்திரி உள்ளே புரட்டவே மாட்டார். ஒரே ஒரு குறைதான்."

"என்ன?"

"குழந்தையோட உதடு கொஞ்சம் நீலமா இருக்கு. சிவப்பாக்கிடட்டுமா?"

அதிகாரி பதிவேட்டை மூடினார்.

"ஆக்கிடுங்க."