விசாரித்துச் சொன்னவர்

1966 மார்ச். கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கப் பகுதியில், இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களுக்கான இல்லத்தில் எட்டுக் கட்டில்கள் இருந்தன. கனகம்மா ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தாள்.

நர்ஸ் எஸ்தர் சிரித்தாள். "இன்னாம்மா, மாடு வாங்க வந்தாப்ல பாக்குறீங்க? வூட்டுக்காரருக்கா?"

"எனக்குத்தான். வயித்துல புத்துநோய். இங்க நல்லா பாத்துக்குவாங்கன்னு அவருதான் சொன்னாரு. போன தையில இங்கதான் செத்தாரு. நான் அப்போ கோலார் ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

"சாவறதுக்கு முன்னாடி சொன்னாரா?"

"இல்ல, நேத்து. உசுரு போனப்புறம் கதவச் சாத்திட்டு, வெந்நீர்ல உடம்பத் தொடச்சி, சுரங்கத்துல எறங்கறப்போ காட்டுற அவரு டோக்கனைக் கையில வெச்சீங்களாமே. செத்தவனுக்கே இவ்ளோ செய்றாங்க, தைரியமா போன்னாரு."

எஸ்தரின் சிரிப்பு நின்றது. அன்று அந்த அறையில் அவளையும் பிணத்தையும் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.

மாலையில் கனகம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.