முட்டையும் பாலும்

அழைப்பு மணி அலறியது. சமையல்காரி பூங்கோதை கரண்டியைக் கீழே வைப்பதற்குள், எஜமானி ஹேமலதா இடது காலை மட்டும் லேசாகத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வலது முழங்காலில், ஆஸ்பத்திரியில் வளர்த்த புதுக் குருத்தெலும்பு வைத்த பிறகுதான் இந்த ஓட்டம்.

பூங்கோதைக்கு அந்த ஓட்டத்தில் சந்தேகமில்லை. எஜமானியின் திடீர்ப் பாசத்தில்தான் சந்தேகம். ஆறு வருடமாக ஆறிய காபி கொடுத்தவள், இப்போது தினமும் முட்டையும் பாலும் கொடுத்து, தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறாள். இலவசப் பரிசோதனை என்று அழைத்துப்போய், இடுப்பெலும்பில் ஊசி குத்தவைத்த நாளிலிருந்துதான் இந்த உபசாரம்.

வாசலில் ஆஸ்பத்திரிச் சீருடையில் ஓர் இளைஞன் நின்றான்.

“நானே கூட்டிட்டு வரேன்னு சொன்னேனேப்பா,” என்று ஹேமலதா தணிந்த குரலில் கடிந்துகொண்டாள்.

“யாரும்மா அது?” பூங்கோதை எட்டிப் பார்த்தாள்.

“கூரியர்காரன். நீ போய் அடுப்பைப் பாரு.”

அவன் ஹேமலதாவின் தோளுக்கு மேலாகப் பூங்கோதையைப் பார்த்துச் சிரித்தான்.

“உங்க இடுப்பெலும்புல எடுத்த செல்லுலதான் மேடத்துக்கு வலது முட்டி அருமையா வளந்துச்சுக்கா. வண்டி கீழ நிக்குது, வாங்க, இடது முட்டிக்கும் எடுத்துடலாம்.”