எட்டுகிற சொல்

"உங்க பொண்ணு எழுதின கட்டுரையைப் படிச்சுப் பார்த்தீங்களா சார்?"

"ஆமா," என்றார் அப்பா.

"பார்த்துட்டுமா சும்மா இருக்கீங்க?"

"ஆமா."

தமிழ் டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து பெற்றோர்களோடு பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. இவர்தான் கடைசி ஆள். இவரை அனுப்பிவிட்டால் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். இவரானால் வந்ததிலிருந்து 'ஆமா' போட்டுக்கொண்டிருக்கிறார். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கும் மனுஷனுக்குப் பெண் படிப்பில் என்ன அக்கறை இருந்துவிடப் போகிறது?

பக்கத்தில் மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வகுப்பில் அவளுக்கு 'அகராதி' என்றே பட்டப்பெயர். ஒரு சொல் கேட்டால் நாலு சொல்வாள். எங்கேயாவது ஒரு புதுச் சொல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "இதை எங்கே டீச்சர் போடலாம்?" என்று உயிரை எடுப்பாள். பள்ளிகளுக்கு இடையே நடக்கும் சொல்வளப் போட்டிக்கு இவள்தான் என்று டீச்சர் போன வருஷமே முடிவு கட்டிவைத்திருந்தார்.

இந்த வருஷம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. கட்டுரையெல்லாம் சின்னப் பிள்ளை எழுதியதுபோல வருகிறது. வந்தான், போனான், நல்லது, கெட்டது. ஏன் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. போட்டிக்குப் பேர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

"எல்லாம் செல்போன் பண்ற வேலை," என்றார் டீச்சர். "வீட்டுல எந்நேரமும் அதைத்தானே நோண்டிக்கிட்டு இருக்கா?"

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"இல்ல டீச்சர், அப்பா வந்து..." என்று ஆரம்பித்தாள் மகள்.

"நீ சும்மா இரு. அவரைக் கேட்டா அவர் சொல்லட்டும். சார், இத்தனை சொல்லையும் இவ மண்டையில ஏத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எல்லாத்தையும் தொலைச்சுட்டு நிக்கிறா. வயிறு எரியாதா எனக்கு? இவளைத்தான் அனுப்பணும்னு தலைமையாசிரியர்கிட்ட ஒத்தைக் கால்ல நின்னேன். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இவ பேரைக் கொடுக்கிறது?"

"சரி," என்றார் அப்பா.

"என்ன சரி?"

டீச்சர் பொறுமை இழந்து கட்டுரையை எடுத்தார்.

"தலைப்பு மழை. நீங்களே கேளுங்க. 'மழை வந்தது. பஸ் வரவில்லை. நான் மரத்தடியில் நின்றேன். என் குடை சின்னது. ஒரு நாய் வந்தது. அது என் குடைக்குள் நின்றது. நான் வெளியே நின்றேன்.'"

அப்பா சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"சிரிக்கிற விஷயமா சார் இது?"

"நாய்..." என்றார் அப்பா. அதற்கு மேல் வரவில்லை. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. நெற்றி வேர்த்தது. "நாய்... உள்ளே. இவ... வெளியே."

சொல்லி முடித்துவிட்டு மகளைப் பெருமையோடு பார்த்தார்.

டீச்சர் கட்டுரையை மெல்லக் கீழே வைத்தார்.

"வெளிய தண்ணி இருக்குப்பா. குடி. நான் வரேன்," என்றாள் மகள், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. அப்பா எழுந்து ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து போனார். அவர் வாசலைத் தாண்டியதும் அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"பக்கவாதம் டீச்சர். லீவுல வந்துச்சு. கால் தேறிக்கிட்டு வருது. பேச்சுதான் போயிடுச்சு. நாம பேசுறதுலயும் பாதி அவருக்கு எட்டுறதில்ல. அப்பாவுக்கு வேலை போயிடுமோன்னு பயந்து, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. இன்னிக்கு அவங்களால வர முடியல. அப்பா நான்தான் வருவேன்னு கிளம்பிட்டார்."

டீச்சர் கட்டுரையை மறுபடி கையில் எடுத்தார்.

"அதுக்கும் கட்டுரைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நான் எழுதுறதை முதல்ல அவர்தான் படிப்பார். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். குழந்தைங்க கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோம், தூக்கி எறிஞ்சுட்டார். நான் உங்களுக்கு எழுதுறதுதான் வேணுமாம். அவருக்குன்னு தனியா எழுதினாக் கண்டுபிடிச்சிடுவார் டீச்சர். நீங்க போடுற மார்க்கைக்கூட மறுநாள் கேட்டு வாங்கிப் பார்ப்பார்."

"அதுக்காகக் கத்துக்கிட்டதை எல்லாம் விட்டுட்டியா?"

"விடலையே! எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லிப் பார்த்துட்டுத்தான் எழுதுறேன். ஒரு சொல்லைச் சொன்னா முழிப்பார். அடுத்ததைச் சொல்வேன். அதுவும் எட்டலைன்னா அதுக்கடுத்தது. நீங்க ஒண்ணொண்ணுக்கும் ஏழெட்டுச் சொல்லிக் கொடுத்தீங்களா, அதுல ஏதாவது ஒண்ணு அவர்கிட்ட போய்ச் சேர்ந்துடுது."

டீச்சர் போட்டிக்குப் பேர் கொடுக்கும் தாளைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியில் அவள் பேரை எழுதினார். "அம்மாவும் அவர்கிட்ட அப்படிப் பேசுவாங்களா?" என்று கேட்டார்.

"அம்மா பாவம் டீச்சர். அவங்களுக்கு ரெண்டு மூணு சொல்லோட தீர்ந்துபோயிடும். அப்புறம் அழ ஆரம்பிச்சிடுவாங்க."